விட்டுவிட்டும் விடாமலும்

தோர்ன்லி பள்ளிக்கூடத்துச் சமையலறையில் மேவிஸ் கார்சைட் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள். அங்கே படித்தவர்களைக் கேட்டால் அவள் ஊற்றிய கஸ்டர்டின் மஞ்சளை உடனே சொல்வார்கள். முகத்தைச் சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்கள். கரண்டிக்குப் பின்னால் நிற்கிறவளை யார் பார்க்கிறார்கள்? ஒரு தடவை கிரேவி அடிபிடித்துவிட்டது. தலைமையாசிரியர் வாயில் வைக்கும் முன்பே மேவிஸ் அவர் மேஜைக்குப் போய், "இன்னிக்கு கிரேவி தீஞ்சிருக்கு சார். சாப்பிடலாம். ஆனா தீஞ்சிருக்கு" என்றாள். பிறகு ஒவ்வொரு மேஜையாகப் போய்ப் பிள்ளைகளிடமும் அதையே சொன்னாள். அவளைப் பற்றி ஊரில் கதை என்று ஒன்று உண்டென்றால் இது மட்டும்தான்.

அவள் வீடு மேட்டுக்கு இந்தப் பக்கம், ஸ்கார்பெக்கில். பள்ளி அந்தப் பக்கம். நடுவில் ஹார்க்கரின் இரண்டு மேய்ச்சல் வயல்கள், அவற்றைப் பிரிக்கும் கல்சுவர், சுவரில் ஒரு மரக்கதவு. காலை ஏழேகாலுக்குக் கிளம்புவாள். கதவைத் தள்ளி, ஆடு வெளியே போகாமல் திரும்பச் சாத்தி, சரிவில் இறங்கினால் இருபத்தைந்து நிமிடத்தில் பாத்திரங்களுக்கு முன்னால் நிற்பாள். ஸ்கார்பெக் பிள்ளைகளும் அதே வழியில்தான் பள்ளிக்குப் போனார்கள். ஓய்வு பெற்ற பிறகும் மேவிஸ் அந்த வழியை விடவில்லை. தங்கை ஐவி தோர்ன்லியில் இருந்தாள். இடுப்பெலும்பு அறுவைக்குப் பிறகு ஐவியால் தெருமுனைவரைதான் நடக்க முடிந்தது. ஆகவே மேவிஸ்தான் புதன்கிழமைதோறும் போவாள்.

ஆடுமாடுகளுக்குக் கோமாரி கண்ட வருடம், இரண்டாயிரத்து ஒன்றில், நாடு முழுக்க வயல்வழிகளை அடைத்தார்கள். நோய் அடங்கியதும் மற்ற வழிகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஹார்க்கர் வயல் கதவில் மட்டும் சங்கிலி அப்படியே தொங்கியது. பெரிய ஹார்க்கர் அப்போது இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மகன் ரஸல் அந்தச் சுவரை இடுப்பளவிலிருந்து தோளளவுக்கு உயர்த்திக் கட்டி, மேலே முள்கம்பியும் இழுத்தான்.

"எங்கப்பா போனாப் போகுதுன்னு விட்டாரு. அதுக்காக ஊர்வழி ஆயிடுமா? எந்தக் காகிதத்துல இருக்கு, காட்டுங்க" என்றான்.

காகிதத்தில் இல்லைதான்.

மிச்சமிருந்தது கல்குவாரிச் சாலை. மூன்று மைல். நடைபாதை கிடையாது. கல் லாரிகள் வரும்போது பிள்ளைகள் முள்வேலியோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு நாள் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிவந்த பெண் ஒருத்தி, லாரிக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் வண்டியோடு வாய்க்காலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றாள். மேவிஸுக்கு ஐவி வீடு இப்போது இரண்டு பஸ், ஒன்றேமுக்கால் மணி நேரம்.

ஊர்க்காரர்கள் மனுப் போட்டார்கள். காகிதம் இல்லாவிட்டாலும் சட்டத்தில் ஓர் இடம் இருந்தது: அடைத்த நாளிலிருந்து பின்னோக்கி இருபது வருடம் ஊர் அந்த வழியை இடையறாமல் பயன்படுத்தியிருந்தால், அது ஊர் வழி. நடந்தவர்கள் எல்லாரும் படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். அவற்றைச் சரிபார்த்தவர் ஊர்ச்சபை எழுத்தர் செட்ரிக் லம். ரயில்வேயில் நேர அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். பதினைந்து படிவங்களில் மேவிஸுடையது மட்டும் அவரைத் தூங்கவிடவில்லை. 'எவ்வளவு காலம், எப்படி' என்ற கேள்விக்கு அவள், முப்பத்தொரு வருடத்துக்கு மேல், 'கன்டின்யுவலாக' என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே அவளை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"உக்காரு மேவிஸ். இந்த வார்த்தை நமக்கு ஆகாது."

"ஏன், தப்பா எழுதிட்டேனா?"

"தப்பில்ல. ஆனா அது வேற. கன்டின்யுவல்னா விட்டுவிட்டு வர்றது. நிக்கும், வரும், மறுபடி நிக்கும். நமக்கு வேண்டியது கன்டின்யுவஸ். அது விடாம இருக்கறது. நடுவுல நூலளவுகூட அறுபடக் கூடாது."

"காதுல விழறப்ப ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு."

"பாக்கத்தான் அப்படி. ஒண்ணு வீடு தங்காது, இன்னொண்ணு வீட்டை விட்டு நகராது. இப்ப பாரு, உன் இருமல் கன்டின்யுவல். அந்த ஃப்ரிட்ஜ் உறுமுதே, அது கன்டின்யுவஸ். என் பொண்டாட்டி என்னைக் குறை சொல்றது இருக்கே..."

"ரெண்டாவதுல போடுங்க" என்றது அடுக்களையிலிருந்து டிலிஸின் குரல். "நடுவுல நிறுத்துனா நீங்க திருந்திட்டீங்கன்னு அர்த்தமாயிடும்."

லம் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் தெனமும் போகலையே செட்ரிக்" என்றாள் மேவிஸ். "லீவு விட்டா போக மாட்டேன். ரெண்டு தடவை காய்ச்சல்ல படுத்துட்டேன்."

"நீ நடந்தியாங்கறது இல்ல கேள்வி. நீ நடந்தது விட்டுவிட்டுத்தான். எல்லாரும் அப்படித்தான். வழி விடாம திறந்திருந்துச்சாங்கறதுதான் கேள்வி." பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரஸலோட வக்கீல் ஒண்ணு சொல்றாரு. பெரியவர் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அன்னிக்கு மட்டும் கதவைப் பூட்டுவாராம். பழைய பண்ணைக்காரங்க செய்ற வேலைதான். வருஷத்துக்கு ஒரு நாள் மறிச்சாப் போதும், ஊரோட உரிமை அறுந்துடும்."

மேவிஸ் டீக்கோப்பையைத் தட்டில் வைத்தாள். "அப்ப நாம தோத்துட்டோமா?"

"எங்க தோத்தோம்? கிறிஸ்துமஸ் அன்னிக்கு எவன் வயல்ல நடக்கறான்? ஊரே வான்கோழி முன்னாடி உக்காந்திருக்கும். ஊர்க்காரன் ஒருத்தன்கூடப் பாக்காத பூட்டு, பூட்டே இல்ல. யாராவது போய், பூட்டைப் பாத்து, அதனால திரும்பி வந்திருந்தாத்தான் வம்பு."

"யாராவது போயிருந்தா?"

"போயிருந்தா அவங்க விசாரணைக்கு வராம வீட்ல பின்னல் போட்டுகிட்டு இருக்கட்டும்." அவர் சிரித்தார். "நீதான் முதல் சாட்சி, மேவிஸ். உன் அளவுக்கு அந்த வழியில நடந்தவங்க யாரும் இல்ல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, போதும்."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

பூட்டைப் பார்த்தவள் அவள்தான். எண்பத்து மூன்றாம் வருடக் கிறிஸ்துமஸ்.

அவள் கணவன் ஹாரல்ட் கல்குவாரியில் லாரிகளை எடை போட்டான். சனிக்கிழமைகளில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஊர் கிரிக்கெட்டுக்கு நடுவராக நிற்பான். அவன் விரலைத் தூக்கினால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. நல்ல மனிதன் என்று இரண்டு ஊரும் சொல்லும். அவன் அடித்ததில்லை, குடித்ததில்லை. பேசாமல் இருப்பான், அவ்வளவுதான். அந்த வருடம் நவம்பரில் மேவிஸ் அவனைக் கேட்காமல் பக்கத்து வீட்டுக்கு ஏணியை இரவல் கொடுத்துவிட்டாள். ஏணி மறுநாளே திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. ஐம்பது நாள். தட்டை வைத்தால் சாப்பிடுவான், சட்டையை மடித்து வைத்தால் போட்டுக்கொள்வான். வீட்டில் கடிகாரம் மட்டும் பேசியது. அவள் பள்ளிக்குப் போய் இருநூறு பிள்ளைகளின் இரைச்சலில் நின்று நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு வருவாள்.

கிறிஸ்துமஸ் காலையில் அவள் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டாள். பழுப்பு சூட்கேஸில் நான்கு உடுப்புகளை வைத்தாள். ஐவியிடம் சொல்லியிருக்கவில்லை. போய்க் கதவைத் தட்டினால் திறக்காமலா இருப்பாள்? முதல் வயல் முழுக்க உறைபனி. கதவில் சங்கிலி சுற்றி, புதுப் பித்தளைப் பூட்டுத் தொங்கியது. அவள் அதைக் கையுறையோடு தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஹாரல்ட் அடுக்களையில் நின்றிருந்தான். சூட்கேஸைப் பார்த்தான். "வெளிய வழுக்குதா?" என்றான்.

"வழுக்குது."

அவன் சூட்கேஸை வாங்கி மாடிக்குக் கொண்டுபோய் அலமாரி மேல் வைத்தான். அதைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, பின்னர் சாகும்வரை பதினாறு வருடமும் கேட்கவில்லை. பேசாத வாரங்கள் அதற்குப் பிறகும் வந்தன, போயின. ஆனால் ஐம்பது நாள் என்று மறுபடி நீண்டதில்லை. சில வருடங்கள் நன்றாகவே இருந்தன. 'ஏன் திரும்பினேன்' என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்ட போதெல்லாம் மேவிஸிடம் ஒரே பதில் இருந்தது. கதவு பூட்டியிருந்தது.

அந்தப் பதில்தான் இப்போது ஊரின் வழியை அறுக்கக் காத்திருந்தது.

விசாரணைக்கு முந்தைய இரண்டு வாரம் அவள் வீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த அலமாரியையே துடைத்தாள். 'பார்க்கவில்லை' என்று ஒரே ஒரு சொல். யாருக்குத் தெரியப்போகிறது? ஹாரல்டும் இல்லை, பெரிய ஹார்க்கரும் இல்லை. வாய்க்கால் தண்ணீரில் நின்ற பெண்ணின் குழந்தைக்கு இப்போது நடக்க வந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அது அந்தச் சாலையில் நடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும். அந்த ஒரு சொல்லைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். சொல்ல வந்தது. சொன்ன பிறகு கண்ணாடியில் இருந்தவள் வேறு எங்கோ பார்த்தாள்.

அக்டோபரில் ஸ்கார்பெக் ஊர்க்கூடத்தில் விசாரணை. அரசு அனுப்பிய ஆய்வாளர் ஃபிலிப்பா நன் என்ற பெண்மணி, குட்டை முடி, சேறு ஒட்டிய காலணி. முந்தின நாளே தனியாகப் போய் வயலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பின்வரிசையில் தேநீர்ப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. டிலிஸ் இஞ்சிக் கேக்கை வெட்டி அடுக்கினாள். ரஸல் ஹார்க்கர் கைகளைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில். அவனுடைய வக்கீல் உயரமானவர், யாரையும் கோபப்படுத்தாத குரல். ஐவியைத் தோர்ன்லியிலிருந்து யாரோ காரில் கூட்டிவந்து ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள்.

கடைசி நேரத்தில் லம் வரிசையை மாற்றினார். முதலில் மற்றவர்கள், முடிவில் மேவிஸ். அசைக்க முடியாத சாட்சி கடைசியில் நிற்கட்டும் என்றார். வக்கீல் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். எந்தக் கிறிஸ்துமஸிலாவது கதவு பூட்டியிருந்ததைப் பார்த்ததுண்டா?

"கிறிஸ்துமஸ் அன்னிக்கா?" என்றார் கறிக்கடைக்கார ஸ்டான் ஆடி. "மொத நாள் ராத்திரி வரைக்கும் ஊருக்கே வான்கோழி வெட்டிக் குடுத்துட்டு, அன்னிக்கு நான் கட்டில்லேருந்து கக்கூஸுக்குப் போறதே பெரிய பயணம் சார்."

கூடம் சிரித்தது. ஆய்வாளர்கூடக் குனிந்துகொண்டார். பதினான்கு பேர், பதினான்கு 'இல்லை'.

மேவிஸ் எழுந்து போய் உட்கார்ந்தாள். வக்கீல் அதே கேள்வியை, களைத்த மரியாதையோடு, கேட்டார்.

"ஆமா" என்றாள். "பாத்தேன்."

லம்மின் பேனா நின்றது. பின்வரிசையில் ஒரு கரண்டி விழுந்தது.

"எந்த வருஷம், மிஸஸ் கார்சைட்?"

"எண்பத்து மூணு."

"கதவு பூட்டியிருந்தது. நீங்க என்ன செஞ்சீங்க?"

"திரும்பி வந்துட்டேன்."

"வழி மூடியிருந்ததால." வக்கீல் மெதுவாக ஒரு புகைப்படத்தை எடுத்து அவள் முன் வைத்தார். "பெரிய ஹார்க்கர் தன் கையால எடுத்தது. அதே மாதிரி ஒரு கிறிஸ்துமஸ். பின்னால தேதி இருக்கு. நீங்க பாத்தது இதைத்தானே?"

மேவிஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அதே சங்கிலி. அதே பூட்டு. கதவுக்கு இடப்பக்கம், ரஸல் உயர்த்திக் கட்டுவதற்கு முந்தைய பழைய சுவர், இடுப்பளவு. அந்தச் சுவரிலிருந்து மூன்று நீளக் கற்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் துருத்திக்கொண்டிருந்தன. மேய்ப்பவர்கள் ஏறி இறங்க வைத்த படிக்கற்கள். பக்கத்திலேயே கதவு இருந்ததால் ஊரில் யாரும் அவற்றை மிதித்ததில்லை, மறந்தும் போனார்கள்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். வக்கீல் காத்திருந்தார்.

சூட்கேஸைச் சுவர் மேல் வைத்தது முதலில் நினைவுக்கு வந்தது. கல்லில் இருந்த பனி, சூட்கேஸின் அடியில் நொறுங்கிய சத்தம். பிறகு கால். முதல் கல்லில் வலது கால். அங்கிருந்து பார்த்தால் தோர்ன்லியின் புகைக்கூண்டுகள் தெரிந்தன, எல்லாவற்றிலும் புகை. அவள் அங்கே நின்றாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிறகு காலை எடுத்தாள், சூட்கேஸை இறக்கினாள். இருபது வருடமாக அந்தக் காலை அவள் எங்கே ஒளித்துவைத்திருந்தாள்?

"இல்ல" என்றாள்.

"எது இல்ல?"

"கதவு பூட்டியிருந்துச்சு. வழி மூடியிருக்கல." விரலால் தொட்டுக் காட்டினாள். "இதோ படி இருக்கு."

வக்கீல் குனிந்தார். ரஸல் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தான். ஆய்வாளர் கையை நீட்டிப் படத்தை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல ஏறி நீங்க போயிருக்க முடியுமா, மிஸஸ் கார்சைட்?"

"ஏறினேன் மேடம். ஒரு கால் வெச்சேன்."

"அப்புறம்?"

"எறங்கிட்டேன்."

"ஒருத்தர் ஏன் ஏறிட்டு எறங்கணும்?" வக்கீல் தன் குரலை விட்டுக்கொடுக்கவில்லை. "ஏற முடியாத அளவுக்குக் கஷ்டமா இருந்ததாலதானே?"

"கஷ்டமா? எனக்கு அப்ப நாப்பத்தாறு வயசு சார். மாவு மூட்டையைத் தூக்கி வெக்கிறவ."

"பனி. வழுக்கல். கையில ஏதாவது சுமை இருந்துச்சா?"

மேவிஸ் கூடத்தைப் பார்த்தாள். ஹாரல்ட் விரல் தூக்கி வெளியே அனுப்பிய ஆட்டக்காரர்கள் நான்கைந்து பேர், இப்போது வழுக்கைத் தலையோடு, அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு சூட்கேஸ்" என்றாள்.

கிறிஸ்துமஸ் காலை, ஒரு பெண், ஒரு சூட்கேஸ். தேநீர்ப் பாத்திரத்தின் மூடி மட்டும் தடதடத்தது. டிலிஸ் அதைக் கையால் அமுக்கிப் பிடித்தாள். வக்கீல் தன் காகிதத்தைப் பார்த்தார், அடுத்த கேள்வி அதில் இருந்திருக்கும், கேட்கவில்லை. ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுக்கு மேல நீங்க எதுவும் சொல்ல வேண்டியதில்ல."

"பூட்டு என்னைத் திருப்பல மேடம்" என்றாள் மேவிஸ். "அது மட்டும் எழுதிக்குங்க."

பதினொரு வாரம் கழித்துத் தீர்ப்பு கடிதமாக வந்தது. ஒரு சாட்சி பூட்டிய கதவைக் கண்டதும், ஆனால் வழி அவருக்கு மூடியிருக்கவில்லை என்பதும் ஏற்கப்படுகிறது. இருபது வருடப் பயன்பாடு இடையறாதது. ஹார்க்கர் வயல் வழி ஊருக்குரியது. ரஸல் தானே வந்து சங்கிலியை அறுத்தான். பிள்ளைகள் அதற்குள் சுவரோரமாக வரிசையில் நின்றிருந்தார்கள்.

விசாரணை நாள் பிற்பகலில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. லம் மேவிஸின் அருகே வந்து, தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே, "நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு, "சொல்லியிருக்க முடியாதுதான்" என்றார். பிறகு போய்விட்டார்.

வெளியே பெஞ்சில் ஐவி உட்கார்ந்திருந்தாள், இரண்டு கைகளும் கைத்தடியின் மேல். மேவிஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கார் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"எண்பத்து மூணா?" என்றாள் ஐவி.

"ம்."

"என் வீட்டுக்கா வந்துகிட்டிருந்தே?"

"வேற எங்க போவேன்?"

ஐவி விரல் விட்டு எண்ணினாள். "எண்பத்து மூணுல என் வீட்டுக்காரர் பெர்ட்டோட அண்ணன் குடும்பம் மொத்தமும் எங்க வீட்டுல. பன்னெண்டு பேரு. என் மாமியார் குளிக்கிற தொட்டியில தலகாணி போட்டுப் படுத்தாங்க. உன்னை எங்க போட்டிருப்பேன் நான்? நாய்கூடத்தான்."

"நாய்கூடப் படுத்திருப்பேன்."

"அந்த நாயா? தபால்காரனோட கால்சட்டையைக் கிழிச்சது அது."

மேவிஸ் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்க நேரமாயிற்று. ஐவி அவள் முதுகைத் தட்டினாள், தட்டிய கையை எடுக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, மேவிஸ். ஒவ்வொரு வாரமும் வந்து என் நாற்காலியில உக்காந்து, என் பிஸ்கட்டைத் தின்னுட்டு."

"சொல்றதுக்கு என்ன இருந்துச்சு? கதவு பூட்டியிருந்துச்சுன்னு நெனச்சுகிட்டிருந்தேன்."

"இல்லேன்னு ஆயிடுச்சே இப்ப. அப்ப ஏன்டி எறங்கினே?"

எதிரே ரஸலின் வண்டி கிளம்பிப் போனது. மேவிஸ் அது வளைவில் மறையும்வரை பார்த்தாள்.

"தெரியல, ஐவி. இன்னிக்கு மத்தியானம்தானே எனக்கே தெரியும், நானாத்தான் எறங்கினேன்னு. கொஞ்சம் டைம் குடு."

"எனக்கு அறுபத்து மூணு வயசு" என்றாள் ஐவி. "ரொம்ப எடுத்துக்காதே."